மாவில் பிறந்த சங்கம்

1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு அழுகிப்போயிருந்தது, தானிய விளைச்சலும் பொய்த்திருந்தது. பிரஷ்ய அரசு தன் கிடங்கிலிருந்து மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்குத்தான் விற்க வேண்டும் என்பது உத்தரவு. பசித்தவன் கையில் ரொக்கம் ஏது? வையர்புஷ் பகுதியின் மேயர் அந்த உத்தரவை ஒதுக்கிவைத்துவிட்டு மாவைக் கடனுக்குக் கொடுத்தார். நம்மூர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கதை அந்த மாவிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த மேயர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். 1818இல் ஹாம் என்ற சிற்றூரில் பிறந்தவர். கண் நோயால் ராணுவ வேலையை விட்டவர். 27 வயது நிறையும் முன்பே, 1845இல், வையர்புஷ்ஷின் பொறுப்புக்கு வந்தார். அரசு மாவோடு பஞ்சம் தீராது என்று தெரிந்ததும் ஊரின் வசதியுள்ளவர்களைக் கூட்டிப் பணம் திரட்டினார். மாவை மொத்தமாக வாங்கி, ஊருக்குப் பொதுவாக ஓர் அடுமனை கட்டி, சந்தை விலையில் ஏறக்குறைய பாதிக்கு ரொட்டி கொடுத்தார்கள். பணம் இல்லாதவர் பிறகு தரலாம். இந்த ஏற்பாட்டுக்கு ரொட்டிச் சங்கம் என்று பெயர்.

இன்று கூட்டுறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதைத் தொடங்கியவர் ஓர் உள்ளாட்சி நிர்வாகி என்பது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பது அவருக்குத் தெரியும். நகரத்து வங்கியிடம் அந்த விவரம் கிடையாது. தெரியாத இடத்தில் வங்கி அடமானம் கேட்கும். தெரிந்த இடத்தில் ஊர் ஜாமீன் நிற்கும்.

அடுத்து அவர் மேயராகப் போன ஊர் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட். அங்கே கடனுக்கு மாடு கொடுத்த வியாபாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் சிக்கி நிலம் இழந்தவர்கள் பலர். (யூத வியாபாரிகள் மீது அக்காலத்து ஜெர்மானியருக்கு இருந்த வெறுப்பு ரைஃபைசனிடமும் இருந்தது. அவரைப் போற்றுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது.) 1849இல் ஊரின் வசதியுள்ள சுமார் 60 பேர் சேர்ந்து பொறுப்பேற்றுப் பணம் திரட்டினார்கள். ஏழை விவசாயிக்கு மாடு வாங்கித் தந்து, விலையை ஐந்து ஆண்டுகளில் தவணையாக வசூலித்தார்கள்.

மூன்றாவது ஊர், ரைன் ஆற்றங்கரையில் நொய்வீட் நகரை ஒட்டிய ஹெடெஸ்டோர்ஃப். 1854இல் அங்கே ஒரு தரும சங்கம் அமைத்தார். கடன் கொடுப்பது, அநாதைப் பிள்ளைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது என்று பெரிய பட்டியல். பத்தாண்டுக்குள் அது தளர்ந்தது. பொறுப்பை வசதியுள்ளவர்கள் மட்டும் சுமந்தார்கள், அவர்களுக்கு அலுத்துவிட்டது. தருமம் எவ்வளவு நல்லதானாலும் கொடுப்பவர் மனம் இருக்கும் வரைதான் ஓடும் என்பதை ரைஃபைசன் ஏற்றுக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1864இல் அதே ஊரில் விதியை மாற்றினார். கடன் வேண்டுமா, உறுப்பினராகச் சேர். சேர்ந்தால் மற்ற எல்லோருடைய கடனுக்கும் நீயும் உன் சொத்தோடு பொறுப்பு. இதுதான் வரம்பற்ற பொறுப்பு. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் முழு இயந்திரமும் அதில்தான் ஓடியது. ஒருவன் வாங்கிய கடனை ஊதாரித்தனமாகச் செலவழித்தால் பக்கத்து வீட்டுக்காரனின் வயலுக்கு ஆபத்து. ஆகவே கடன் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான், விதை வாங்கினானா என்று போய்ப் பார்த்தான். சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் தெரிந்த அளவுக்குச் சிறியது. கணக்கர் தவிர நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. லாபத்தைப் பங்கு போடாமல் பொது நிதியில் சேர்த்தார்கள். சமூக மூலதனம் என்று இப்போது அறிஞர்கள் சொல்வதை அந்தச் சங்கத்தார் பேரேட்டில் எழுதி வட்டி கணக்குப் பார்த்தார்கள்.

பார்வை மங்கிப்போய் 1865இல் மேயர் பதவியை விட்ட ரைஃபைசன், தன் அனுபவத்தை மகள் அமாலியின் உதவியோடு நூலாக்கி 1866இல் வெளியிட்டார். அந்த நூல் வழியாகச் சங்கம் ஊர் ஊராகப் பரவியது. 1888இல் அவர் இறந்தார்.

அடுத்த பயணம் கடல் தாண்டி. 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியிருந்தது. கடனில் மூழ்கிய விவசாயியை என்ன செய்வது என்ற கேள்வி அரசை விடவில்லை. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய ஐ.சி.எஸ். அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சனை 1892இல் இதை ஆராய நியமித்தார்கள். ஐரோப்பாவின் கடன் முறைகளோடு நம் சென்னை நிதி நிறுவனங்களையும் அவர் ஆராய்ந்தார். 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்த அறிக்கையின் முடிவைச் சுருக்கினால், ரைஃபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான்.

மாகாண அரசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்திய அரசு எட்வர்ட் லா தலைமையில் அமைத்த குழுவில் நிக்கல்சனும் இருந்தார். அதன் பயனாக 1904இல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கத்துக்கு வரம்பற்ற பொறுப்பு, உள்ளூர் உறுப்பினர்கள் என்று ரைஃபைசனின் விதிகளே அதிலும் இருந்தன. அதே ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூரில் உள்ள திரூரில் ஒரு சங்கம் பதிவானது. நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று தமிழக அரசு அதைத்தான் சொல்கிறது.

விதிகள் வந்தன, வையர்புஷ்ஷின் மேயர் வரவில்லை. அவர் இடத்தில் பதிவாளர் வந்தார். பதிவு செய்வது, ஆய்வு செய்வது, கலைப்பது எல்லாம் அவர் கையில். ஜெர்மனியில் 1889 சட்டம் சங்கங்களைத் தணிக்கை செய்யும் பொறுப்பைச் சங்கங்களின் கூட்டமைப்புகளுக்கே கொடுத்தது. நமக்குத் தணிக்கையும் அரசுத் துறை. அன்றைய சூழலில் வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் விளைவு நம் கண்முன் இருக்கிறது. சங்கம் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் வேரூன்றவில்லை. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களின் கீழேயே சங்கங்கள் ஓடிய காலங்கள் நீண்டவை. 2021இல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. நொடிந்துபோன விவசாயிக்கு அது ஆறுதல்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் கடன் பக்கத்து வீட்டுக்காரனின் பொறுப்பு என்ற பிணைப்பு அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. கடன் எனக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரமாகிவிட்டது.

இருந்தும் சங்கம் சாகவில்லை. பயிர்க்கடன், நகைக்கடன், உரம், பல ஊர்களில் ரேஷன் கடை எல்லாம் அங்கேதான். அடகுக் கடைக்குப் போகாமல் குறைந்த வட்டிக்கு நகையை வைக்க முடிகிறதென்றால் அதற்கு இந்தச் சங்கமும் ஒரு காரணம்.

பிறந்த நாட்டில் அது வேறு வேலைகளையும் எடுத்துக்கொண்டது. கோட்டிங்கன் அருகே சுமார் 750 பேர் வாழும் யூன்டே கிராமத்தில் ஊரார் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2005 முதல் தங்கள் மாட்டுச் சாணத்திலும் வயலில் விளைந்த பயிரிலும் மின்சாரம் எடுத்து, அதில் கிடைத்த வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதைத் தொடர்ந்து சூரிய ஒளிக்கும் காற்றாலைக்குமாக நூற்றுக்கணக்கான எரிசக்திக் கூட்டுறவுகள் ஜெர்மனியில் தோன்றின. எவ்வளவு பங்கு போட்டாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். 2016இல் யுனெஸ்கோ கூட்டுறவு முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அதைப் பரிந்துரைத்த நாடு ஜெர்மனி.

உங்கள் ஊரிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கும். நீங்களே அதில் உறுப்பினராகவும் இருக்கலாம். அடுத்த பேரவைக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். போய் உட்காருங்கள், வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் படிக்கச் சொல்லுங்கள். தேர்தல் வந்தால் போட்டியிடுங்கள். பங்குத்தொகை கட்டிய உறுப்பினருக்கு அந்த உரிமை சட்டப்படியே உண்டு.