யாழ்ப்பாணத்தில் கோடுகள் ஒளிர்ந்த காலை

1871 டிசம்பர் 12 காலை, பூரண சூரிய கிரகணத்தின் நிழல் மலபாரின் பேக்கல் கோட்டையில் கரையேறி, நீலகிரியையும் புதுக்கோட்டையையும் கடந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தொட்டுத் திருகோணமலைப் பக்கமாகப் போனது. வழிநெடுகக் கருவிகளோடு ஆட்கள். பேக்கலில் நோர்மன் லொக்யர், நீலகிரியில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென், புதுக்கோட்டையில் இத்தாலியர் ரெஸ்பிகி. யாழ்ப்பாணத்தில் நிறமாலைகாட்டியோடு இலங்கையின் நில அளவையாளர் நாயகம் கப்டன் பையர்ஸ். படம் பிடிக்கக் கப்டன் ஹொக்.

கிரகணத்தைப் பற்றி வழக்காடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்தை வைத்து வட்டுக்கோட்டை செமினரியின் டானியல் பூர், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். அப்போது வழக்கு நேரத்தைப் பற்றியது. 1871இல் வந்தவர்களுக்குச் சூரியனின் விளிம்பில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது.

சாதாரண நாளில் சூரிய நிறமாலை முழுக்கக் கருங்கோடுகள். சந்திரன் ஒளித்தட்டை மூடி முடிக்கும் கணத்தில், தட்டுக்கு மேலுள்ள மெல்லிய வாயு அடுக்கு மட்டும் எஞ்சும். கருங்கோடுகள் அத்தனையும் பளிச்சென்று ஒளிக்கோடுகளாக மாறும். ஓரிரு விநாடிதான், கண்ணை இமைத்தால் போயிற்று. முந்தைய ஆண்டு ஸ்பெயினில் அமெரிக்கரான சார்ல்ஸ் யங் முதலில் கண்டது இதைத்தான். யாழ்ப்பாணத்தில், முழு மறைப்புத் தொடங்கும் தருவாயில், பையர்ஸும் கண்டார். அன்று கருவியோடு நின்ற எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை.

ஹொக் எடுத்த படங்களைப் பேக்கல், நீலகிரியின் தொட்டபெட்டா படங்களோடு ஒப்பிட்டபோது, முழு மறைப்பில் சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமான கொரோனாவின் கதிர்கள் ஒத்துப்போயின. கொரோனா பூமியின் காற்று காட்டும் மாயம் என்ற சந்தேகம் அதோடு வலுவிழந்தது. 1868 கிரகணம், ஜான்சென் அதை ஆராய்ந்த ஆந்திரத்துக் குண்டூருக்குத் தந்த புகழில் கால்பங்குகூட யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்காதது அநியாயம்தான்.

கோடுகள் ஒளிர்ந்த அந்தச் சூரிய விளிம்பின் மேற்பகுதி ஒரே சீரான அடுக்கு அல்ல. ஊசி ஊசியாக எழும் வாயுப் பீறல்களை ரோமாபுரிப் பாதிரியார் செக்கி அந்த நூற்றாண்டிலேயே வரைந்தார். 1945இல் அவற்றுக்கு ஸ்பிகியூல் என்ற பெயர் வந்தது. ஒவ்வொன்றும் சுமார் 500 கி.மீ. தடிப்பு. வடக்கிலிருந்து தெற்கே 435 கி.மீ. நீளும் இலங்கை அதன் குறுக்குக்குள் அடங்கிவிடும். ஒரு ஸ்பிகியூல் 10,000 கி.மீ. வரை உயர்ந்து, பத்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. ஐதரசனின் சிவப்புக் கோட்டிலும் கல்சியத்தின் ஊதாக் கோட்டிலும் அவை நன்றாகத் தெரியும். இன்று அதற்குக் கிரகணம் தேவையில்லை. அந்தக் கல்சியக் கோட்டில் சூரியனைப் படமெடுக்கும் வேலையைக் கொடைக்கானல் ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது.