தட்டைப் படகும் உப்பு வழியும்

நமது கரையோரத்தின் சரித்திரத்தை யாரேனும் கேட்டால், கற்பிட்டிக் கோட்டையைக் காட்டுவதே வழக்கமாயிருக்கிறது. 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த அக்கோட்டை கம்பீரமானதுதான், மறுப்பதற்கில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் மனனஞ் செய்தவையும் கோட்டைகளின் பெயர்களும் தேசாதிபதிகளின் பெயர்களுமே. ஆயினும் எந்தப் பண்டத்துக்காகக் கோட்டை எழுந்ததோ, அந்தப் பண்டத்தைச் சுமந்தது அடி தட்டையான ஒரு மரப்படகு. அதைப்பற்றி எந்தப் பாடத்திலும் நாம் ஒரு வரியும் படித்தோமில்லை.

அந்தப் பண்டம் உப்பு. மலைசூழ்ந்த கண்டி இராச்சியத்தில் உப்பு விளையாது. புத்தளத்து உப்பும் கருவாடும் போய்ச் சேர்ந்தாலன்றி அங்கே அடுப்பில் உலை வைத்துப் பயனில்லை. ஆகவே கற்பிட்டியையும் புத்தளத்தையும் பிடித்தவன், பீரங்கி வெடிக்காமலே கண்டியை நெருக்கலாம். இதனை ஒல்லாந்தர் நன்கு அறிந்திருந்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே கரையோரம் முழுவதையும் அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டதன் பொருளும் இதுவே.

இனிப் படகுக்கு வருவோம். சிங்கள மக்கள் இதனைப் ‘பாருவ’ என்பர். ஆங்கிலேயர் ‘பாடா’ படகு என்று எழுதி வைத்தனர். பெரியதொரு மரத்தைக் குடைந்து நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அவ்விரு பாதிகளையும் இருபுறமும் நிறுத்துவர். நடுவே பலகைகளைப் பரப்பி அடித்தளம் அமைப்பர். இவற்றை ஆணியால் அறைவதில்லை. தும்புக் கயிற்றால் தைப்பர். மேலே தென்னங்கிடுகுக் கூரை. ஏரா எனப்படும் அடிமரம் கிடையாது. கடலோடும் கப்பலுக்கு ஏரா இல்லாவிட்டால் ஆபத்து. களப்பிலோ அது இருந்தால்தான் ஆபத்து. புத்தளக் களப்பின் பெரும்பகுதி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமில்லாதது. தட்டையான படகோ நிறைய மூட்டை ஏற்றினாலும் சிறிதளவே நீரில் அமிழும். கோலை ஊன்றித் தள்ளினால் நகரும். காஷ்மீரத்துத் தால் ஏரியிலே தேவதாருப் பலகையாற் செய்த ‘டூங்கா’வும் ‘ஷிகாரா’வும் இப்படியே அடி தட்டையானவை. மலைநாட்டு ஏரிக்காரனும் நமது களப்புக்காரனும் ஒருவரையொருவர் கண்டறியார். ஆழமற்ற நீரே இருவருக்கும் ஆசானாயிற்று.

தைத்த படகைப் பழைமையின் குறைபாடென்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. 1344ஆம் ஆண்டிலே இக்கரையில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்ற இபுனு பதூதா என்னும் யாத்திரிகர் அவ்வாறு எண்ணவில்லை. இரும்பாணி அறைந்த மரக்கலம் பாறையில் மோதினால் உடையும் என்றும், கயிற்றால் தைத்ததோ நெகிழ்ந்து கொடுக்குமென்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் இறங்கிய ‘பத்தாலா’ நமது புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. அலையிலே இறங்கி மணலிலே ஏறவேண்டிய கரைவலைப் படகுகளும் தட்டையடியாகத் தைக்கப்பட்டமைக்குக் காரணம் வேறு கூற வேண்டுவதில்லை.

ஒல்லாந்தர் கால்வாய் இந்தப் படகுக்கு இராசபாதையாயிற்று. புத்தளக் களப்பு, முந்தல் ஏரி, சிலாபம், நீர்கொழும்பு என ஆறுகளையும் களப்புகளையும் தொடுத்துக் கொழும்பு வரை நீண்ட வழி அது. பெருங்கடலுக்குள் இறங்காமலே உப்பும் தேங்காயும் கொப்பறாவும் தலைநகர் சேர்ந்தன. 1796இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபின், கவின் ஹமில்ட்டன் என்னும் அதிகாரி 1802 முதல் 1804 வரை களனி ஆற்றுக்கும் நீர்கொழும்புக் களப்புக்குமிடையே புதிய கால்வாய் வெட்டுவித்தார். வெட்டுவித்தவர் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் போயிற்று. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதற்கும் ஊர் அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் சரித்திரமும் எழுதிய அப்பெருமகன் நமது கரையின் பிள்ளை என்பதில் நமக்குப் பெருமையே.

படகை வென்றது புகைவண்டி. நீர்கொழும்புக்கு 1909இலும், சிலாபத்துக்கு 1916இலும், புத்தளத்துக்கு 1926இலும் தண்டவாளம் வந்தது. பல நாள் கோலூன்றிப் போன உப்பு ஒரே நாளில் போயிற்று. பிறகு லொறி வந்தது. கரைவலைக்கும் பைபர்கிளாஸ் வள்ளங்கள் வந்துவிட்டன. கால்வாயின் இருமருங்கிலும் 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பல பண்ணைகள் பாழாயின. பண்ணைக் கழிவும் சேறும் படிந்து, தட்டைப் படகுங்கூடத் தட்டுப்படும் அளவுக்குக் கால்வாய் பல இடங்களில் தூர்ந்தது.

உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் உள்ள முதியோருக்கு ஒரு விண்ணப்பம். அப்படகின் உறுப்புகளுக்குத் தங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் நினைவிருப்பின் தெரிவிக்க வேண்டுகிறோம். ஏடும் எழுதுகோலுமாக நாங்களே வீடு தேடி வருகிறோம்.