மன்றோவின் கணக்கெடுப்பில் வீடும் பள்ளியும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் விவரம் கேட்டார். அவ்விவரங்களைத் தொகுத்து அவர் 1826 மார்ச்சுத் திங்களில் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவாகக் கூறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை பெற்றோர் தந்த ஊதியத்தால் நடந்தவை. மாணவர் ஒருவர்க்கு மாதந்தோறும் நான்கணா முதல் எட்டணா வரை வழங்கப்பட்டது; ஆசிரியரின் மாத வருவாயோ பொதுவாக ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை. பள்ளியைத் தாங்கிய குடும்பத்தின் வறுமை ஆசிரியரின் வறுமையாகவும் ஆயிற்று எனலாம்.

ஆய்வாளர் பெரிதும் கருதாத செய்தி ஒன்று இக்குறிப்பில் உண்டு. சென்னை நகரில் வீட்டிலேயே உறவினராலோ தனியாசிரியராலோ கற்பிக்கப்பட்டோர் 26,903 பேர் என்பது அது. இது பள்ளி சென்றோர் தொகையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்காகும். இவ்வெண்ணை மன்றோ ஐயுற்றார். எனினும் முற்றிலும் தள்ளினாரல்லர். பள்ளிக்கணக்கின்படி கல்வி பெற்ற சிறுவர் நான்கில் ஒரு பங்கினரே. வீட்டுக்கல்வியையும் எண்ணி அதனை மூன்றில் ஒரு பங்கிற்கு அருகில் மதிப்பிட்டார். சிறுமியர் பள்ளிகளில் மிகச் சிலரே என்பதையும் மறத்தற்கில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினைப் பெற்றோர்க்கு வழங்கியது. அரசு செலவு செய்யும் பள்ளியை மேற்பார்க்கும் உரிமை அது. மன்றோ கண்ட பெற்றோர்க்குக் குழு இல்லை. நான்கணா நின்றால் பள்ளியும் நின்றது.