உள்நபர் விற்பனையும் பங்கின் மிகைவிலையும்: என்ரான் வழி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு நிறுவனத்தின் தலைவரும் இயக்குநர்களும் தம் பங்குகளை விற்கிறார்கள் என்ற செய்தி வந்ததும், விலை உச்சத்தைத் தொட்டுவிட்டது, விவரம் தெரிந்தவர்கள் நழுவுகிறார்கள் என்று முதலீட்டாளர்கள் முடிவுகட்டுவது வழக்கம். இம்முடிவில் இரண்டு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. பங்கின் விலை மிகையா என்பது ஒன்று. நிறுவனம் காட்டும் கணக்கை நம்பலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை நிதிநிலை அறிக்கையிலேயே தேடத்தக்கது. உள்நபர் விற்பனை ஓரளவு துணைசெய்வது இரண்டாம் கேள்விக்கே என்பது இக்கட்டுரையின் துணிபு. 2001 டிசம்பர் 2 அன்று திவால் மனு கொடுத்த ஹூஸ்டன் நகரத்து எரிசக்தி நிறுவனமான என்ரான் இதற்குச் சான்றாக ஆராயப்படுகிறது. இயக்குநர்கள், உயர் அதிகாரிகள், பெரும் பங்குதாரர்கள் ஆகியோரை உள்நபர் என்னும் சொல் இங்கே சுட்டும்.

2. விலையை அளத்தல்

2.1 விலைக்குள் பொதிந்த எதிர்பார்ப்பு

2000ஆம் ஆண்டு முடிவில் என்ரான் பங்கின் விலை 83 டாலரைத் தாண்டியிருந்தது. அது நிறுவனத்தின் லாபத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு; புத்தக மதிப்பைப்போல் 6 மடங்கு. 70 மடங்கு விலை கொடுப்பவருக்கு அவ்வாண்டு லாபத்தில் கிடைக்கும் பங்கு, போட்ட பணத்தில் 1.4 விழுக்காடு. அப்போது அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரமே சுமார் 5 விழுக்காடு தந்துகொண்டிருந்தது.

இவ்விடைவெளியை வளர்ச்சிதான் ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு வளர்ச்சி? முதலீட்டாளர் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஆதாயம் எதிர்பார்க்கிறார் என்றும், பத்தாண்டுக்குப் பின் சந்தை அப்பங்குக்கு 20 மடங்கு விலைதான் தரும் என்றும் கொள்வோம். ஈவுத்தொகையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், லாபம் பத்தாண்டில் 9 மடங்காக வேண்டும். அதாவது ஆண்டுதோறும் சுமார் 25 விழுக்காடு உயர வேண்டும்.

உண்மையில் நடந்தது வேறு. 1999இல் 40 பில்லியன் டாலராக இருந்த என்ரானின் வருவாய் 2000இல் 100 பில்லியனைத் தாண்டியது. நிகர லாபமோ 893 மில்லியனிலிருந்து 979 மில்லியனுக்கு உயர்ந்தது. பத்து விழுக்காடுகூட இல்லை. நூறு டாலர் விற்றுவரவில் ஒரு டாலர்கூட லாபமாக நிற்கவில்லை.

2.2 மூலதனத்தின் ஈட்டம்

வளர்ச்சி மட்டும் போதாது. அதற்கு இடும் மூலதனம் தன் செலவைவிட அதிகம் ஈட்ட வேண்டும். முதலீட்டு நிதி மேலாளரான ஜேம்ஸ் சானோஸ் 2000 நவம்பரில் என்ரான் பங்கு விழும் எனக் கணித்து ஷார்ட் செல்லிங் தொடங்கினார். 2002 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் அவர் அளித்த சாட்சியத்தின்படி, மூலதனத்தின் மீது என்ரான் ஈட்டியது வரிக்கு முன் 7 விழுக்காடு. அம்மூலதனத்தின் செலவோ 9 விழுக்காட்டை நெருங்கியிருக்கலாம். ஏட்டில் லாபம் தெரிந்தாலும் பொருளியல் நோக்கில் நிறுவனம் எதையும் சம்பாதிக்கவில்லை. இக்கணிப்புக்கு அவர் பயன்படுத்தியவை எவரும் பெறத்தக்க பொது ஆவணங்களே.

3. உள்நபர் விற்பனையின் இயல்பு

உள்நபர் தம் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: விலை ஏறும் என்ற நம்பிக்கை. விற்பதற்கோ காரணங்கள் பல. வரி, வீடு, மணமுறிவுத் தீர்வு, அறக்கொடை, எல்லாச் செல்வமும் ஒரே பங்கில் கிடக்கக்கூடாது என்ற எச்சரிக்கை என்று அப்பட்டியல் நீளும். ஊதியத்தின் பகுதியாக ஸ்டாக் ஆப்ஷன் பெறுபவருக்கு விற்பது சம்பளத்தைக் கையில் வாங்குவதற்குச் சமம். ஜோசப் லக்கோனிஷாக், இன்மூ லீ ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இணங்குகிறது: உள்நபர் வாங்குவதில் எதிர்கால விலை பற்றிய தகவல் உண்டு, விற்பதில் அத்தகைய முன்னறிவிப்பு காணப்படவில்லை.

மைக்ரோசாஃப்ட் தக்க எதிர்ச்சான்று. 1986இல் அந்நிறுவனம் சந்தைக்கு வந்தபோது பில் கேட்ஸிடம் சுமார் 45 விழுக்காடு பங்கு இருந்தது. பிறகு பல்லாண்டுகள் அவர் சீராக விற்றுவந்தார். அவ்விற்பனையை எச்சரிக்கையாகக் கொண்டு விலகியவர்கள் மாபெரும் ஏற்றத்தை இழந்தார்கள்.

4. என்ரானில் விற்பனை காட்டியதும் மறைத்ததும்

சானோஸின் சாட்சியத்தில் விற்பனைக்கு உரிய இடம் கவனிக்கத்தக்கது. உயர் அதிகாரிகள் விற்றது தன்னளவில் குற்றச்சான்றன்று, ஏற்கெனவே எழுந்த நிதி ஐயங்களோடு சேர்ந்து தம் முடிவை வலுப்படுத்தியது என்றே அவர் கூறினார். அந்த ஐயங்களில் இரண்டு முதன்மையானவை. நீண்டகால ஒப்பந்தத்தின் எதிர்கால லாபத்தை இன்றே மதிப்பிட்டு வரவில் எழுதும் கணக்குமுறை ஒன்று. மூத்த அதிகாரி ஒருவரே நடத்திய கூட்டமைப்புகளுடன் நிறுவனம் செய்துகொண்ட, நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் விளங்காத மொழியில் சொல்லப்பட்ட பரிவர்த்தனைகள் மற்றொன்று.

தலைவர் கென்னத் லே நிறுவனத்திடம் பெற்ற முன்பணத்தை அடைக்க, 2001இல் 70 மில்லியன் டாலருக்கும் மேலான பங்குகளை அந்நிறுவனத்துக்கே திருப்பி விற்றார். இவ்வகை விற்பனையை ஆண்டு முடிந்தபின் தெரிவித்தால் போதும் என்பது அன்றைய விதி. அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று, பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் ஊழியர்களிடம் சொன்னபோது இந்த விற்பனை அவர்களுக்குத் தெரியாது. ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே வைத்திருந்தவர்கள் அவர்கள். மிக முக்கியமான விற்பனை, தேவைப்பட்ட வேளையில் கண்ணுக்குத் தெரியவில்லை.

என்ரானின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜெஃப்ரி ஸ்கில்லிங்கின் வழக்கு வேறொரு பாடம் தருகிறது. அவர்மீது பத்து உள்நபர் வணிகக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2006இல் நடுவர் குழு ஒன்றில் மட்டுமே அவரைக் குற்றவாளி எனக் கண்டது: 2001 செப்டம்பர் 17 அன்று 5 லட்சம் பங்குகளை விற்றது. ஏனைய ஒன்பதிலும் விடுவித்தது. எல்லா ஆவணமும் முன்னிருந்த நீதிமன்றத்துக்கே விற்பவரின் மனத்தை அறிவது இத்தனை கடினமாயிற்று.

5. எடைபோடும் அளவைகள்

5.1 திட்டம்: அமெரிக்காவின் 10பி5-1 விதிப்படி முன்கூட்டி வகுத்த திட்டத்தின்கீழ் நடக்கும் விற்பனைக்கு எடை குறைவு. 2022 திருத்தத்துக்குப் பின், அதிகாரிகளும் இயக்குநர்களும் திட்டம் வகுத்துக் குறைந்தது 90 நாள் காத்திருக்க வேண்டும்.

5.2 விகிதம்: விற்ற தொகையைவிட, கைவசம் இருந்த பங்குகளில் எத்தனை விழுக்காடு போயிற்று என்பதே முக்கியம்.

5.3 கூட்டம்: வெவ்வேறு துறை அதிகாரிகள் ஒரே காலத்தில், வழக்கத்தை மீறி விற்றால் தனிப்பட்ட காரணங்கள் வலுவிழக்கின்றன.

5.4 காலம்: 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பின் இரண்டு வேலை நாளுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். அதற்குமுன் வழக்கமான விற்பனைக்கே அடுத்த மாதம் பத்தாம் தேதிவரை அவகாசம் இருந்தது.

6. முடிவு

ஆய்வின் வரிசை முறையே இங்கு தீர்ப்பை நிர்ணயிக்கிறது. முதலில் விலைக்குள் பொதிந்த வளர்ச்சியைக் கணக்கிட்டு, நிறுவனம் காட்டும் வளர்ச்சியோடும் ஈட்டத்தோடும் ஒப்பிட வேண்டும். அடுத்து அக்கணக்கின் நம்பகத்தன்மையைச் சோதிக்க வேண்டும். உள்நபர் விற்பனை அச்சோதனையில் சேரும் ஒரு சான்று. விலையளவையில் அதற்கு இடமில்லை. நியாய விலையில் நிற்கும் பங்கை உள்நபர் விற்பதால் அது மிகைவிலை ஆகிவிடாது. மிகைவிலைப் பங்கை எவரும் விற்காததால் அது மலிவாகியும் விடாது. 2000 இறுதியில் என்ரானில் ஒருவர்கூடப் பங்கு விற்காமல் இருந்திருந்தாலும், 7 விழுக்காடு ஈட்டும் தொழிலுக்கு 70 மடங்கு விலை மிகையே.