எங்கட கையில இருக்கிற போன் ஆருடையது?

2008 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஜி1 என்ற கைத்தொலைபேசி விற்பனைக்கு வந்தது. அன்ட்ரொய்டில் ஓடிய முதல் போன் அதுதான். அடுத்த மாதமே அதைப் பாவித்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். 'ரீபூட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்ரரை அழுத்தினால், குறுஞ்செய்தி எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, போன் அணைந்து திரும்ப எழும்பும்.

அன்ட்ரொய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். ஜி1இன் திரைக்குப் பின்னால் ஒரு கட்டளைச் சாளரம் தவறுதலாகத் திறந்தபடி கிடந்தது. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அதற்குள்ளும் போனது. அதுவும் சாதாரண பாவனையாளரின் பெயரில் அல்ல, 'ரூட்'டின் பெயரில்.

ரூட் எண்டால் என்ன? 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்கிய யுனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவித்த காலத்தில் வளர்ந்தது. ஒருவரின் கோப்பில் மற்றவர் கைவைக்கக்கூடாது. எல்லாத்தையும் பராமரிக்க ஒரு நிர்வாகி வேணும். 0 என்ற இலக்கம் கொண்ட அந்தக் கணக்குத்தான் ரூட். லினக்ஸும் அதை அப்பிடியே எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு போனைப் பாவிப்பது பெரும்பாலும் ஒரே ஆள். காசு குடுத்து வாங்கிய அந்த ஆளுக்கே நிர்வாகி உரிமை இல்லை.

எனவே கனபேர் அந்த ஓட்டையைக் கதவாக்கினார்கள். ரெல்நெற் சேவையைத் தொடங்கும் கட்டளையைத் தட்டி, வேறொரு கருவியிலிருந்து இணைந்தால் ரூட் கைக்கு வரும். கூகிள் சில நாட்களிலேயே அடைத்தது. ஆட்கள் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, அதே ஓட்டையால் உள்ளே போனார்கள். டிசம்பரில் கூகிளே பூட்டில்லாத போன் ஒன்றை மென்பொருள் உருவாக்குநர்களுக்கு 399 டொலருக்கு விற்றது.

பூட்டு கட்டாயமானதா? 2009இல் வந்த நொக்கியா என்900ஐப் பாருங்கள். அதுவும் லினக்ஸ்தான்; மேமோ என்று பெயர். 'ரூட்எஸ்எச்' என்ற சின்ன மென்பொருளை நிறுவி, போனோடேயே வந்த கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி தட்டினால் போதும். ஓட்டை தேடத் தேவையில்லை. ஆனால் 2011 பெப்ரவரியில் நொக்கியா விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. திறந்த கதவு சந்தையில் நிலைக்கவில்லை.

சட்டமும் தடுமாறியது. 2010 ஜூலையில் அமெரிக்கக் காப்புரிமை விதிகளில் போன்களின் பூட்டைத் திறக்க விலக்குக் கிடைத்தது. 2012இல் போனுக்கு ஓம், டப்லெட்டுக்கு இல்லை என்றார்கள். 2015இல்தான் டப்லெட்டுக்கும் ஓம்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தை நாங்கள் தள்ளிவிட முடியாது. ஜி1இன் ஓட்டை உரிமையாளருக்கு மட்டும் திறக்கவில்லை. கெட்ட நோக்கத்தோடு வருபவருக்கும் அது ஓட்டைதான். ரூட் செய்த போனில் சில வங்கிச் செயலிகள் ஓட மறுப்பதற்கும் இந்தப் பயமே காரணம். ஆனால் கள்ளனுக்குப் பூட்டுப் போடுவது வேறு, வீட்டுக்காரரிடம் திறப்பைக் குடுக்காமல் விடுவது வேறு. என்900 திறப்பைக் குடுத்தது. இண்டைக்கு எங்கட பையில் இருக்கும் அன்ட்ரொய்டுகளில் பலவற்றின் திறப்பு இன்னும் செய்த கொம்பனியிட்டத்தான் இருக்கு.