குடியும் குடிக்கூலியும்: தளபாட வீட்டின் சமுதாய அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

பழைய நகரங்களின் நடுப்பகுதிகளிலே, தளபாடங்களோடு கூடிய மேல்மாடி வீட்டினை மாத வாடகைக்குப் பெற்று வாழ்வது கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் இன்று இயல்பான செய்தியாகிவிட்டது. கட்டில், மேசை, அடுப்பு, பாத்திரம் யாவும் முன்கூட்டியே அமைந்திருக்கும் வீட்டினுள் ஒருவர் ஒரு பெட்டியுடன் நுழைகிறார். ஒப்பந்தம் முடிந்ததும் அதே பெட்டியுடன் வெளியேறுகிறார். இதனை வசதி என்ற அளவிலே மட்டும் நோக்குவது மேலோட்டமான பார்வையாகும். வீட்டிலுள்ள பொருள்களை யார், எவ்வுறவின் அடிப்படையிலே வழங்குகின்றனர் என்ற வினாவே முதன்மையானது. அவ்வினாவை நாம் கதிரவெளியிலிருந்து எழுப்ப விரும்புகிறோம். வாடகை வீடு வேரூன்றாத சமுதாயமொன்றிலிருந்து நோக்கும்பொழுதே வாடகையின் இயல்பு தெளிவாகின்றது.

வெருகலாற்றுக்குத் தெற்கே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில் அமைந்த கரையோரக் கிராமம் கதிரவெளி. பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இனங்காணப்பட்டமையால் தொல்லியலாளர் அதனை அறிவர். மட்டக்களப்புப் பிரதேச வழக்கிலே ‘குடி’ என்பது தாய்வழியாகத் தொடரும் குலப்பிரிவினைச் சுட்டும். தமிழிலே வீட்டு வாடகைக்குரிய பழஞ்சொல்லோ ‘குடிக்கூலி’. முன்னையது உறவினை அடிப்படையாகக் கொண்டது. பின்னையது பணத்தினை அடிப்படையாகக் கொண்டது. ஒரு சொல்லின் இவ்விரு வளர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரமே இக்கட்டுரையின் பொருள் எனலாம்.

மட்டக்களப்பின் மரபுவழிச் சமுதாயத்திலே வீடு பெண்ணின் உடைமை. மகளுக்கு மணம் முடித்ததும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டினை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அருகே வேறொரு குடிலுக்குச் செல்வர். மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற்கு வந்து சேர்வான். இப்பிரதேசத்தின் தாய்வழி உரிமைமுறையை விளக்கும் முக்குவர் சட்டம் பற்றிய பிரிட்டோவின் நூல் 1876இல் வெளிவந்தது. பாய், பானை, பெட்டகம் ஆகியனவும் வீட்டோடு சேர்ந்தே பெண்ணுக்கு வந்தன. அவ்வகையிலே அதுவும் ‘தளபாட வீடே’. ஆயினும் அங்கே பொருள்கள் பயன்பெறுமதி கொண்டனவேயன்றிப் பரிவர்த்தனைக்குரியன அல்ல.

இதனை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்று நோக்குக்கு முரணாகும். வீடில்லாத பெண்ணுக்குத் திருமணமில்லை என்ற நிலைமை இம்மரபின் மறுபக்கம். பணப்பொருளாதாரம் வலுப்பெற்றதும், ஓலைக் குடில் போதாது, கல்வீடு வேண்டும் என்ற நியதி உருவாயிற்று. அக்கல்வீட்டினைக் கட்டுவதற்காகவே கிழக்கிலங்கையின் வறிய பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். தமக்கென ஒரு வீட்டினைப் பெறுவதற்கு அவர்கள் பிறர் வீட்டிலே ஆண்டுக்கணக்கில் உழைத்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

இவ்விடத்திலே சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகின்றது. கண்ணகி வழிபாடு மட்டக்களப்பிலே இன்றும் உயிர்த்துடிப்புடன் நிலவுவதால் இவ்வொப்பீடு அந்நியமானதன்று. அக்காப்பியத்திலே கண்ணகி குடியிருந்த வீடுகள் இரண்டு முக்கியமானவை. புகாரிலே வணிகப் பெருஞ்செல்வத்தின் சின்னமாகிய உயர்மாடம் முதலாவது. கோவலனின் தாய் மணமக்களைத் தனிமனையிலே வேண்டுவன யாவும் அளித்துக் குடியமர்த்துகிறாள். மதுரையிலே இடையர்குல மாதரி அளித்த சிறுமனை இரண்டாவது. புதிய சமையற் கலங்களையும் உணவுப் பொருள்களையும் அவளே கொடுக்கச் செய்கிறாள். பழம்பெரும் நகரொன்றுக்கு வந்த அந்நியருக்குப் பொருள்களோடு கூடிய இருப்பிடம் கிடைக்கின்றது. ஆனால் அதற்குக் கூலியில்லை. அதன் பெயர் அடைக்கலம். எனினும் அடைக்கலம் கொடுப்பவரின் நல்லுள்ளத்திலே தங்கியிருப்பது, பெறுபவரின் உரிமையன்று.

முதலாளித்துவ நகரிலே மாதரியின் இடத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர் வந்து சேர்கிறார். தொழிற்புரட்சி நகரங்களின் குடியிருப்பு நெருக்கடியை ஏங்கெல்சு 1872இல் ஆராய்ந்தார். 1915இல் கிளாசுக்கோ நகரப் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தின் விளைவாகப் பிரித்தானிய அரசு அதே ஆண்டிலே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை இயற்றவேண்டியதாயிற்று. ஆயின் வாடகையிலே தளபாடங்களின் பயன்பாடும் அடங்கியிருப்பின் அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லையென விதிக்கப்பட்டது. கட்டிலும் நாற்காலியும் குடியிருப்பவரின் வசதிக்காக மட்டும் இடப்பட்டவையல்ல என்பதை இது புலப்படுத்தும். சட்டத்திலிருந்து தப்புவதற்குரிய வாயிலாகவும் அவை அமைந்தன. அவ்வாயில் பெருமளவுக்கு அடைக்கப்பட்டது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே.

இலங்கையிலே 1942ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தோன்றின. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் பாதுகாப்பினை விரிவாக்கியது. பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்திலே, 1973ஆம் ஆண்டு வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்தது. சில ஆண்டுகளின் பின்னர், திறந்த பொருளாதாரச் சூழலிலே வந்த 1980ஆம் ஆண்டுத் திருத்தம் வாடகைச் சட்டத்தின் வீச்சினைச் சுருக்கிற்று.

மேல்மாடியின் சமுதாயப் பொருளும் நிலையானதன்று. புகாரிலே அது செல்வத்தின் உச்சி. மின்தூக்கி பரவுமுன் பாரிசு நகரிலே கூரையடி அறைகள் பணிப்பெண்களுக்கும் வறியோருக்கும் உரியன. மின்தூக்கி வந்ததும் அதே உயரம் விலையுயர்ந்த பண்டமாயிற்று. வெளிச்சமும் காற்றும் காட்சியும் வாடகைக் கணக்கிலே ஏறின.

இவ்வரலாறு கதிரவெளி மக்களுக்குத் தொலைவானதன்று. 2004 திசம்பர் கடற்கோள் கரையோர வீடுகளை அள்ளிச்சென்றது. 2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளிப் பாடசாலையிலே தஞ்சமடைந்திருந்த இடம்பெயர்ந்தோர் மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் சென்று கூடாரங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினர். 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அறைக்குக் கூலி கொடுத்தவர்க்கும் அங்கே தங்கும் உரிமை உறுதியாக இருக்கவில்லை என்பதே இதன் பொருள்.

தாய் கொடுத்த வீடு, மாதரி கொடுத்த அடைக்கலம், சொந்தக்காரர் விட்ட வாடகை மாடி ஆகிய மூன்றும் வரலாற்றின் மூன்று கட்டங்கள். முதலிரண்டுக்கும் நாம் திரும்புதல் இயலாது, திரும்பவேண்டியதுமில்லை. ஆனால் குடிக்கூலி கொடுப்பவரும் ‘குடி’யே என்ற உண்மையைச் சட்டத்தின் மூலம் நிலைநாட்ட இயலும். பெட்டியோடு வந்தவரைப் பெட்டியோடு வெளியேற்ற முடியாத ஒரு காலத்திலேயே அச்சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.