சோறு எப்போது ஹராம் ஆனது?

"எனக்கு இப்ப சோறே ஹராம் ஹஜ்ரத்" என்று விருந்துகளில் சிலர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. கையில் ஒரு டயட் சார்ட் இருக்கும். சோறு கூடாது, பரோட்டா கூடாது, பிரியாணி பக்கமே போகக்கூடாது. இரண்டு வாரம் கடைப்பிடிப்பார்கள். பிறகு ஒரு கல்யாண வீட்டில் கட்டுப்பாடு உடையும். உடைந்தது உடைந்துவிட்டது என்று அன்று முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் குற்ற உணர்வில் பட்டினி கிடப்பார்கள். மனவுறுதி இல்லாதவர் என்று வீட்டிலும் ஏச்சு விழும்.

மனவுறுதி மட்டும்தான் காரணமா? 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடிய மக்களுக்கு எப்படி உணவளித்துத் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்து 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது; நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று எடை குறைக்கப் பலருக்கு எழுதித் தரப்படும் 1,200 கலோரியைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

எடையில் கால் பங்கு குறைந்தது. கூடவே அவர்களின் சிந்தனை முழுவதையும் சாப்பாடு பிடித்துக்கொண்டது. சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் மனச்சோர்வும் மிகுந்தன. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. ஆக, கல்யாண வீட்டில் நடப்பது பட்டினி போடப்பட்ட உடலின் பதில்தான்.

அதனால்தான் விவரமறிந்த உணவு ஆலோசகர் தடைப் பட்டியலில் தொடங்குவதில்லை. முதலில் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறார். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பவருக்கு இரவில் கை அடங்காது. பிறகு ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறார். கலோரிக் கணக்கு அல்ல. எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு பசி இருந்தது, மனம் எப்படி இருந்தது என்பவை. பசிக்காகவா, கவலைக்காகவா சாப்பிட்டோம் என்பது அதில் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அளவு அவசியம்தான். அவருக்கும்கூடப் பெரும்பாலும் சோற்றைக் குறைத்து, காய்கறியும் மீனும் பருப்பும் கூட்டித்தான் வழி சொல்வார்கள்.

ஹலால், ஹராம் வரம்புகள் நாம் வகுத்தவை அல்ல. ஆலோசகரும் அவற்றை மதித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலில் சோற்றை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். நபி (ஸல்) அவர்கள் முன் உடும்புக் கறி வைக்கப்பட்டபோது அவர்கள் உண்ணவில்லை. ஹராமா என்று கேட்கப்பட்டபோது இல்லை என்றார்கள். தம் ஊரில் அது பழக்கமில்லை, அதனால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் பின் வலீத் (ரலி) அதை உண்டார்கள். பிடிக்காததையும் தடுக்கப்பட்டதையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்தார்கள் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பிரிவினை சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. "இன்னும் ஒரு வாய்" என்று திணிக்கும் நம் வீடுகளில் இது எளிதல்ல. அதே பிள்ளை வளர்ந்து பெண் பார்க்கும் வயது வந்ததும், உறவினர் முன்னிலையிலேயே "கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்" என்கிறோம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மகள் ஒளிந்து சாப்பிடுகிறாளா, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாளா, மாதவிடாய் நின்றிருக்கிறதா, எடைக்காகவே நஃபில் நோன்பைத் தொடர்ந்து வைக்கிறாளா என்று உம்மாமார் கவனிக்க வேண்டும். இதற்கு டயட் சார்ட் போதாது. தாமதிக்காமல் பொது மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.